தீவு மலைகளில் நடை – 6: மேயோ பிரபு இறங்கி வந்த பாதை

அந்தமானில் மலைக்குப் போகிறவர் கடிகாரத்தை மட்டும் நம்பிப் போகக்கூடாது. மெயின்லேண்டின் நேரம்தான் இங்கும். ஆனால் தீவுகள் அத்தனை கிழக்கே கிடப்பதால் டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும். காட்டுக்குள் அதற்கும் முன்பே இருட்டு கட்டிவிடும். அதனால்தான் லம்பா லைனில் தங்கும் நண்பர்களிடம், விடிந்ததும் புறப்பட்டுவிடுங்கள் என்று சொல்கிறேன்.

விமான நிலையத்தை ஒட்டிய லம்பா லைனிலிருந்து நகரைக் கடந்து சாத்தம் தீவின் ஜெட்டிக்கு வர வேண்டும். 1883 முதல் ஓடிக்கொண்டிருக்கும் மரம் அறுக்கும் ஆலை இந்தத் தீவில்தான் இருக்கிறது. ஜப்பானியர் 1942இல் வீசிய குண்டு தோண்டிய பள்ளத்தை ஆலை வளாகத்தில் இன்றும் காணலாம். சாத்தத்தில் ஃபெர்ரி ஏறினால் சிறிது நேரத்தில் எதிர்க்கரையான பாம்பூ ஃபிளாட். அங்கிருந்து கரையோரமாகவே போனால் ஹோப் டவுன். மலை அங்கே தொடங்குகிறது.

மவுண்ட் ஹாரியட் என்று 2021 வரை அழைக்கப்பட்ட மலை இது. உயரம் 350 மீட்டருக்குச் சற்று மேல்தான். வட அந்தமானின் சாடில் பீக் 732 மீட்டர். அதோடு வைத்துப் பார்த்தால் ஏறக்குறையப் பாதிதான். ஆனாலும் இந்தத் தீவுக்கூட்டத்தில் ஒரே ஒரு மலையில்தான் நடக்க முடியும் என்றால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். காரணம், இங்கே நடந்த ஒரு மாலை நேரம்.

1872 பிப்ரவரி 8. இந்தியாவின் வைஸ்ராய் மேயோ பிரபு கைதிக் குடியிருப்பைப் பார்வையிட போர்ட் பிளேர் வந்திருந்தார். ராஸ், வைப்பர், சாத்தம் தீவுகள் எல்லாம் பார்த்தாயிற்று. அன்றைய நிகழ்ச்சிகள் முடிந்தபோது மாலை ஐந்து மணி. இன்னும் ஒரு மணி நேரம் வெளிச்சம் இருக்கிறதே என்று அவர் ஹோப் டவுனுக்குக் கடந்து வந்தார். காய்ச்சலில் கைதிகள் செத்துக்கொண்டிருந்த காலம் அது. மலை உச்சியில் நோயாளிகள் உடல் தேறும் இல்லம் ஒன்றை அமைக்கலாமா என்று நேரில் பார்க்க விரும்பினார். பாதித் தூரம் மட்டக்குதிரையில், மீதி நடந்து. உச்சியில் உட்கார்ந்து சூரிய அஸ்தமனத்தைப் பார்த்தார். இறங்கும்போது இருட்டிவிட்டது. தீப்பந்தங்களோடு ஆட்கள் முன்னால் நடந்தார்கள்.

ஹோப் டவுன் ஜெட்டியில், படகில் ஏறப் போகும் நேரத்தில் பின்னாலிருந்து பாய்ந்தார் ஷேர் அலி அஃப்ரிடி. கையில் கத்தி. பெஷாவர் பக்கத்தில் ஆங்கிலேயரிடமே வேலை பார்த்தவர். கொலை வழக்கில் தண்டனை பெற்று இங்கே அனுப்பப்பட்டவர். கைதிகளுக்கு முடிதிருத்துபவராக இருந்தவர். மேயோ தண்ணீரில் விழுந்தார். தூக்கிப் படகில் கிடத்தினார்கள். கப்பலில் அவர் மனைவி காத்திருந்தார். உயிரற்ற உடல்தான் போய்ச் சேர்ந்தது. பதவியில் இருக்கும்போது கொல்லப்பட்ட ஒரே வைஸ்ராய் அவர். ஷேர் அலியை அதே ஆண்டு மார்ச் 11ஆம் தேதி வைப்பர் தீவில் தூக்கிலிட்டார்கள்.

இதைத் தெரிந்துகொண்டு அந்தச் சரிவில் நடந்தால் கால் தானாகவே மெதுவாகிவிடுகிறது. ஒவ்வொரு வளைவிலும் கீழே கடல் தெரிகிறது. அந்தக் கடலைத்தான் மேயோவும் பார்த்தார், அந்தக் கரையில்தான் ஷேர் அலியும் காத்திருந்தார் என்ற நினைப்பு விடுவதில்லை.

உச்சியில் ஒரு காலத்தில் தலைமை ஆணையரின் கோடைக்கால இருப்பிடம் இருந்தது. இன்று எஞ்சியிருப்பவை பாசி படிந்த அடித்தளங்களும் சிதைந்த சுவர்களும். 1862 முதல் 1864 வரை குடியிருப்பின் கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் டைட்லரின் மனைவிதான் மலைக்குப் பெயர் தந்த ஹாரியட். 1857இல் டெல்லி முற்றுகையின்போது மாட்டுவண்டியிலேயே பிள்ளை பெற்றவர். பிறகு கணவரோடு சேர்ந்து புகைப்படக் கலையும் பழகியவர். துணிச்சலான பெண் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இந்தப் பாதையை வெட்டியதும் கல் சுமந்ததும் கைதிகள். அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

மணிப்பூர்க்காரர்களின் பெயர் மட்டும் இப்போது வந்து சேர்ந்திருக்கிறது. 1891 ஆங்கிலேய–மணிப்பூர் போரில் தோற்ற மகாராஜா குலசந்திர சிங்கையும் அவரோடு 22 பேரையும் இங்கே நாடு கடத்தினார்கள். செல்லுலார் சிறையின் கட்டுமானம் தொடங்கியதே 1896இல்தான்; இவர்களை இந்த மலையில் வைத்திருந்தார்கள். அவர்கள் நினைவாக 2021 அக்டோபரில் இது மவுண்ட் மணிப்பூர் ஆயிற்று. சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

பெரும்பாலானோர் உச்சியில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பழைய சிவப்பு 20 ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் தென்னைகளோடு தெரியும் மலையும் கலங்கரை விளக்கமும் இந்தப் பக்கத்தவைதான் என்பதால் அந்தப் படத்துக்கு மவுசு அதிகம். ஆனால் நல்ல நடை அதற்கு அப்பால் தொடங்குகிறது. காலா பத்தர் வரை சுமார் 2 கிலோமீட்டர், மலைமுகட்டின் மேலேயே போகும் ஒற்றையடிப் பாதை. குர்ஜன் மரங்கள் தூண்போல் நிமிர்ந்து நிற்கும்; செந்நிறப் பலகைக்குப் பேர்போன படாக் மரங்களும் உண்டு. அடியில் பிரம்புப் புதர். கொக்கி முள் சட்டையைப் பிடித்து இழுக்கும். மரப்பட்டையில் பளிச்சென்ற பச்சை நிறத்தில் பல்லி ஒன்று பகலில் ஓடினால் நின்று பாருங்கள். அந்தமானில் மட்டுமே வாழும் இனம் அது. அதன் நெருங்கிய உறவுகள் மடகாஸ்கரிலும் அதைச் சுற்றிய தீவுகளிலும் இருக்கின்றன. நடுவே ஒரு பெருங்கடல்.

காலா பத்தர் என்பது சரிவின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் கரும்பாறை. தண்டனை பெற்ற கைதிகளை இங்கிருந்து தள்ளிவிட்டார்கள் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அது வாய்மொழிக் கதை, அப்படியே கேட்டுக்கொள்ளுங்கள். கீழே தெரியும் காடு மட்டும் கண்ணை விட்டுப் போகாது.

மழைக்காலத்தில் இந்தப் பாதை வேண்டாம். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் பூமி இது. பாறை வழுக்கும், அட்டை காலில் ஏறும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்லது. தண்ணீரைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். காலிப் பாட்டிலையும் திரும்பக் கொண்டுவாருங்கள். இது தேசியப் பூங்கா. வனத்துறைச் சாவடியில் அனுமதிச் சீட்டு வாங்கிய பிறகே மேலே போக வேண்டும்.

முதியவர்களும் குழந்தைகளும் உடன் வந்தால் ஏறும்போது டாக்சி பிடிப்பதில் தவறில்லை. நடக்க முடிந்தவர்கள் இறங்கும்போதாவது ஹோப் டவுன் வரை நடந்து இறங்குங்கள். பிள்ளைகளுக்கு மேயோவையும் ஷேர் அலியையும் குலசந்திர சிங்கையும் வழியிலேயே சொல்லிக்கொண்டு வாருங்கள். பாதை வெட்டியவர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.