குரல் போனது, பேஸ் வந்தது: சார்லி ஹேடனும் நம்ம வீட்டுப் பிள்ளைகளும்

டெக்சாஸில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஆறாம் வகுப்பு ஒரு முக்கியமான வருடம். பேண்டா, ஆர்கெஸ்ட்ராவா, கொயரா என்று பிள்ளைகள் பெரும்பாலும் அப்போதுதான் முடிவெடுக்கிறார்கள். ஆர்கெஸ்ட்ரா என்றால் நம்மவர்களிடம் பதில் ரெடி: வயலின். ஊருக்குப் போனால் பாட்டி முன்னாடி வாசிக்கலாம், கர்நாடக சங்கீத கிளாஸுக்கும் உதவும். பின்வரிசையில் ஆளுயரத்துக்கும் மேலே நிற்கும் டபுள் பேஸை ஒரு பிள்ளை கை காட்டினால், "அதை எப்படிடா கார்ல ஏத்துறது?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

யாரும் கண்டுகொள்ளாத அந்த வாத்தியத்தை வைத்து ஜாஸ் இசையின் போக்கையே மாற்றியவர்களில் ஒருவர் சார்லி ஹேடன். நான் முறையாக இசை படித்தவன் இல்லை, படித்தது இன்ஜினியரிங். ஆனால், இளையராஜா பாட்டில் பேஸ் எங்கே நுழைகிறது, எங்கே ஒதுங்குகிறது என்று ஹெட்போனில் தேடிக் கேட்கும் கூட்டத்தில் நானும் ஒருவன். அந்தப் பழக்கம்தான் என்னை ஹேடனிடம் கொண்டுபோய் விட்டது.

பாட வந்த பையன்

ஹேடன் 1937இல் அயோவா மாநிலத்தின் ஷெனன்டோவா என்ற சிற்றூரில் பிறந்தவர். குடும்பமே ரேடியோவில் கன்ட்ரி பாட்டுப் பாடிப் பிழைத்த குடும்பம். இரண்டு வயது நிறைவதற்குள் சார்லியும் மைக் முன்னால் பாட ஆரம்பித்துவிட்டார். 15 வயதில் போலியோ வந்தது. கால்களை விட்டுவிட்டுத் தொண்டையையும் முகத் தசைகளையும் தாக்கியது. உயிர் பிழைத்தார், பாடும் குரல் போய்விட்டது. அண்ணனின் டபுள் பேஸைக் கையில் எடுத்தார்.

1957இல் ஜாஸைத் தேடி லாஸ் ஏஞ்சலஸ் போனார். அங்கேதான் நம்ம ஊர்க்காரர் கதைக்குள் வருகிறார். நம்ம ஊர் என்றால் ஃபோர்ட் வொர்த். இர்விங்கில் இருந்து 183ஐப் பிடித்து மேற்கே போனால் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. அங்கே 1930இல் பிறந்து, கறுப்பின மாணவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட ஐ.எம். டெரல் பள்ளியில் படித்த சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மன். லாஸ் ஏஞ்சலஸில் அவரை மேடையில் சேர்த்துக்கொள்ளவே பலர் தயங்கினார்கள். ஹேடன் சேர்ந்துகொண்டார்.

பியானோ இல்லாத மேடை

அப்படி என்ன புதுமை? அதுவரை ஜாஸில் பாட்டுக்குப் பாட்டு கார்டுகளின் வரிசை முன்கூட்டியே முடிவாகியிருக்கும். பியானோ அதை வாசிக்கும், பேஸ் அதன் மேல் அடிக்கு ஒரு ஸ்வரமாக நடந்து போகும். கோல்மன் பியானோவையே மேடையை விட்டு எடுத்துவிட்டார். கார்டு வரிசையும் கட்டாயம் இல்லை. மெட்டு போகும் போக்கில் போகலாம்.

கேட்க ஜாலியாக இருக்கிறது. பேஸ் வாசிப்பவரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கையில் வரைபடம் இல்லை. முன்னால் போகிறவர் எந்தத் தெருவில் திரும்புவார் என்றும் தெரியாது. ஹேடன் கண்டுபிடித்த வழி, கேட்பது. கோல்மன் எந்த ஸ்வரத்தில் சாய்கிறார் என்று கேட்டு, அந்த நொடியில் அதற்கு ஓர் அடித்தளம் போட்டுக் கொடுத்தார். நம் கச்சேரியில் ஆலாபனை பாடுகிறவரின் பின்னால் வயலின்காரர் நிழல் மாதிரி வருவாரே, கிட்டத்தட்ட அதுதான். சில இடங்களில் ஒரே ஸ்வரத்தை விடாமல் ஒலிக்கவிடுவார். தம்புரா ஞாபகம் வரும்.

1959 நவம்பரில் நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் இந்த நால்வர் குழு வாசித்தபோது, இசையுலகம் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. இரண்டு வாரத்துக்குப் பேசிய நிகழ்ச்சி இரண்டு மாதத்தைத் தாண்டியது. ஹேடனுக்கு அப்போது வயது 22. பிறகு ஹெராயின் பழக்கம் அவரைச் சில வருடங்கள் முடக்கிப்போட்டது. சிகிச்சை எடுத்து மீண்டு வந்தார்.

பின்வரிசைக்காரரின் குரல்

பின்னால் நின்று வாசித்தவர் என்பதற்காக வாயை மூடிக்கொண்டு இருந்தவர் இல்லை. 1971இல் கோல்மன் குழுவோடு போர்ச்சுகலுக்குப் போனார். அங்கே அப்போது சர்வாதிகார ஆட்சி. ஆப்பிரிக்கக் காலனிகளில் போர். மேடையில் ஹேடன் தன் பாடலை மொசாம்பிக், அங்கோலா, கினியா விடுதலை இயக்கங்களுக்குச் சமர்ப்பிப்பதாக அறிவித்தார். மறுநாள் விமான நிலையத்தில் ரகசிய போலீஸ் பிடித்துக்கொண்டு போய் விசாரித்தது. அமெரிக்கத் தூதரகம் தலையிட்ட பிறகே விட்டார்கள். எதைப் பேசினால் விசாவுக்குச் சிக்கல் வரும் என்று கணக்குப் போட்டே வாழும் நம்மில் பலருக்கு இந்தக் கதை கொஞ்சம் உறுத்தும். உறுத்தட்டும்.

1982இல் கலிஃபோர்னியாவின் கால்ஆர்ட்ஸ் கல்லூரியில் ஜாஸ் படிப்பைத் தொடங்கியவரும் இவரே. பண்டிட் ரவிசங்கரின் நினைவாகப் பெயர் வைக்கப்பட்ட ரவி கோல்ட்ரேன் அங்கே படித்தவர். இன்றைய முன்னணி பேஸ் கலைஞர் ஸ்காட் காலி, ஹேடனின் மாணவர். 2014இல் ஹேடன் இறந்தார். சிறுவயதில் வந்த போலியோவின் பின்விளைவுகள் கடைசி வருடங்களில் திரும்ப வந்து, பேஸைத் தூக்கி மேடையேற முடியாமல் செய்திருந்தன.

சரி, நமக்கு என்ன?

நம் சமூகத்தில் எல்லாவற்றுக்கும் முன்வரிசைதான். ஸ்பெல்லிங் பீ, அரங்கேற்றம் இரண்டுமே மேடை நடுவில் ஒரே பிள்ளை நிற்கும் விஷயங்கள். ஆனால் ஆபீஸில் நமக்குத் தெரியும், புரொடக்ஷன் சர்வர் விழாமல் பார்த்துக்கொள்கிறவரின் பெயர் டெமோ ஸ்லைடில் வராது. அவர் ஒரு வாரம் லீவு போட்டால்தான் அவர் செய்த வேலை மற்றவர்களுக்குத் தெரியும். பேஸும் அப்படித்தான். இருக்கும்போது கவனிக்க மாட்டோம். எடுத்துவிட்டால் பாட்டு அந்தரத்தில் தொங்கும்.

நம் பிள்ளைகளுக்கு இந்தக் கதவு புதிதும் இல்லை. அமெரிக்காவில் பிறந்த தமிழரான விஜய் ஐயர் ஜாஸ் பியானோவில் எங்கே நிற்கிறார் என்று உலகத்துக்கே தெரியும். இந்திய வம்சாவளி டபுள் பேஸ் கலைஞர் ஹரிஷ் ராகவன் 2019இல் தன் பெயரில் 'கால்ஸ் ஃபார் ஆக்‌ஷன்' ஆல்பம் போட்டார்.

இந்த வார இறுதியில் ஒரு வேலை செய்யுங்கள். பேட் மெத்தினியின் கிட்டாரோடு ஹேடன் 1997இல் வெளியிட்ட 'பியாண்ட் த மிசூரி ஸ்கை' ஆல்பத்தைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கேளுங்கள். நல்ல ஸ்பீக்கரில் கேளுங்கள், போன் ஸ்பீக்கரில் பேஸ் காணாமல் போய்விடும். அப்புறம் உங்கள் பிள்ளை அந்தப் பெரிய வாத்தியத்தைக் கை காட்டினால், காரைப் பற்றிப் பிறகு யோசித்துக்கொள்ளலாம். பின் சீட்டை மடித்தால் அனேகமாக உள்ளே போய்விடும்.