பள்ளிக்கூடமும் பனியன் கம்பெனியும்

நீங்கள் அணிந்திருக்கும் பனியன் எத்தனை பேருடைய கைகளைக் கடந்து உங்களிடம் வந்தது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? ஆலையில் நூற்ற நூல், வட்டமாகச் சுழலும் பின்னற்பொறியில் துணியாகிறது. அத்துணி சலவைப் பட்டறையிலும் சாயப் பட்டறையிலும் நனைந்து, உலர்ந்து, கட்டிங் மேசைக்கு வருகிறது. பிறகு திருப்பூர் மக்கள் 'பவர் டேபிள்' என்று வழங்கும் தையற்பகுதி. அங்கே ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் எனப் பொறிகள் பலவகை; தைப்பவருக்குப் பக்கத்தில் நின்று துணியை மடித்துக் கொடுப்பவருக்குக் 'கைமடி' என்று பெயர். அதன்பின் செக்கிங், அயர்னிங், பேக்கிங். இவை யாவும் ஒரே கூரையின்கீழ் நடைபெறும் கம்பெனிகள் சிலவே. பெரும்பாலும் ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு பட்டறை. துணி வண்டியேறி ஊரையே சுற்றி வரும்.

இவ்வளவு தொழில்களையும் இவ்வூர் மக்களுக்குக் கற்பித்தவர் யார்? நிச்சயமாகப் பள்ளிக்கூடம் அன்று. திருப்பூரில் பின்னலாடைத் தொழில் 1920-களில் தோன்றியது. கைமடியாக நுழைந்த சிறுவன் சில ஆண்டுகளில் தையற்காரனாவான். பிறகு நான்கு பொறிகளை வாடகைக்கு எடுத்துப் பிறர் கொடுக்கும் துணியைத் தைத்துக் கொடுப்பான். ஊக்கமும் யோகமும் இருந்தால் ஒருநாள் தானே முதலாளியாவான். இவ்வாறு பொறிக்குப் பின்னாலிருந்து எழுந்துவந்த முதலாளிகள் இந்நகரில் பலர். ஏட்டுக்கல்வி இல்லாமலே ஒரு நகரம் தொழிலை இவ்வளவு தூரம் வளர்த்ததைப் பள்ளி ஆசிரியராகிய நாங்கள் சற்றுத் தலைவணங்கியே ஒப்புக்கொள்ள வேண்டும்.

எனினும் பார்த்துப் பழகும் கல்விக்கு ஓர் எல்லை உண்டு. 'எப்படிச் செய்வது' என்பதை அது செம்மையாகக் கற்பிக்கும். 'ஏன் அப்படிச் செய்ய வேண்டும்' என்பதைப் பெரும்பாலும் விட்டுவிடும். 1970-களின் இறுதியில் ஐரோப்பிய வணிகர்கள் திருப்பூரை நாடி வரத் தொடங்கியபோது இக்குறை வெளிப்பட்டது. உள்நாட்டுச் சந்தையில் அரை அங்குலம் ஏறக்குறைய இருந்தால் கேட்பாரில்லை. வெளிநாட்டு வணிகரோ அளவுப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, சாயம் வெளுக்குமா, துவைத்தால் எவ்வளவு சுருங்கும், ஒரு சதுர மீட்டர் துணியின் எடை எத்தனை கிராம் என்றெல்லாம் வினவினார்.

இங்கேதான் வகுப்பறை தொழிற்கூடத்துக்குள் நுழைகிறது. ஒரு கணக்கைச் சொல்கிறேன். துவைத்தால் நூற்றுக்குப் பத்து வீதம் சுருங்கும் துணி ஒன்று. (நன்கு பதப்படுத்திய துணி இவ்வளவு சுருங்காது, கணக்கு எளிதாக விளங்கும் பொருட்டு இவ்வாறு வைத்துக்கொள்வோம்.) துவைத்தபின் ஆடையின் நீளம் 63 செ.மீ. இருக்க வேண்டும். எவ்வளவு நீளத்துக்கு வெட்டுவது? இதை வகுப்பில் கேட்டால் பெரும்பாலோர் 63-க்குப் பத்து வீதம் 6.3, இரண்டையும் கூட்டி 69.3 என்பார்கள். அவ்வாறு வெட்டிய ஆடை துவைத்தபின் 62.37 செ.மீ. ஆகிவிடும்; ஆறு மில்லிமீட்டருக்கு மேல் குறைவு. சுருங்குவது வெட்டிய நீளத்தில் பத்து வீதமேயன்றி, வேண்டிய நீளத்தில் பத்து வீதம் அன்று. 63-ஐ 0.9-ஆல் வகுக்க வேண்டும், விடை 70. எடைக் கணக்கும் இத்தகையதே. ஓர் ஆடைக்கு ஒரு சதுர மீட்டர் துணி செல்கிறது என்போம். சதுர மீட்டருக்கு ஐந்தே கிராம் எடை கூடிவிட்டால், பத்தாயிரம் ஆடைகளில் ஐம்பது கிலோ துணி கூடுதலாகச் செலவாகும். அனுபவமுள்ள கட்டிங் மாஸ்டர் இதைக் கைத்திறத்தாலேயே சரிசெய்துவிடுவார். ஆனால் துணி மாறி, அளவு மாறி, புதுவகை நூல் வரும்போது கைப்பழக்கம் மட்டும் துணைசெய்யாது.

வேதியியலுக்கும் இதே நிலைதான். சாயப் பட்டறைகளின் கழிவுநீரால் நொய்யல் ஆறு கெட்டது. சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் சாய, சலவைப் பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாதவாறு சுத்திகரிக்கும் ஏற்பாடு செய்த பின்னரே அவை மீண்டும் இயங்க முடிந்தது. சாயநீரிலிருந்து உப்பையும் நல்ல நீரையும் பிரித்தெடுத்துத் திரும்பப் பயன்படுத்துவது அவ்வேற்பாடு. அதற்கு அடிப்படையான எதிர்ச்சவ்வூடுபரவல் என்னும் தத்துவம் மேல்நிலை வகுப்பு வேதியியல் நூலில் உள்ளது. தேர்வுக்காக அதை மனப்பாடம் செய்தவர் ஆயிரக்கணக்கானோர். அவர்களுள் எத்தனை பேர் தம் ஊரின் சுத்திகரிப்பு நிலையத்தைச் சென்று பார்த்திருப்பர்?

தொழில் நடத்துவோரும் கல்வியாளரும் ஒன்றுகூட வேண்டிய தேவை இவ்வாறே எழுந்தது. 1990-ஆம் ஆண்டில் தோன்றிய திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம், 1997-இல் தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்டுடன் சேர்ந்து, முதலிபாளையத்தில் பின்னலாடைக்கென்றே ஒரு கல்வி நிலையத்தை ஏற்படுத்தியது. 'நிஃப்ட்-டீ' என வழங்கும் கல்லூரி அதுவே. தொழிற்சங்கம் ஒன்று நன்கொடை கொடுத்து ஒதுங்காமல் கல்லூரியையே தன் பொறுப்பில் ஏற்றது கவனிக்கத்தக்கது. எந்தப் பொறி வழக்கொழிந்தது, எந்தப் பொறி புதிதாக வந்தது என்பதை முதலாளி அறிவார். எதை முதலில் சொல்லி எதைப் பின்னர்ச் சொன்னால் மாணவனுக்கு விளங்கும் என்பதை ஆசிரியர் அறிவார். ஒருவர் அறிவு மற்றவரிடம் இல்லை.

அண்டையிலுள்ள கோயம்புத்தூர் இவ்வழியில் முன்னரே நடந்தது. 1926-இல் பி. எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் புதல்வர் நால்வரும் குடும்பச் சொத்தை ஐந்து பாகமாக்கி, ஐந்தாவது பாகத்தை அறத்துக்கு ஒதுக்கினர். அவ்வறநிலையத்தின் சார்பில் 1951-இல் தோன்றிய பொறியியல் கல்லூரி, மோட்டாரும் பம்பும் உண்மையாகவே உற்பத்தியாகும் தொழிற்கூடத்தின் அருகில் அமைந்தது. அங்கே சில பிரிவுகளில் நான்காண்டுப் படிப்பை ஐந்தாண்டாக நீட்டி, வகுப்பறையையும் தொழிற்கூடத்தையும் மாறி மாறி அமைத்தனர். 'சாண்ட்விச்' படிப்பு என்று அதற்குப் பெயர். தின்பண்டத்தின் பெயர் கல்விக்கு வந்தது வேடிக்கைதான். ஆனால் பொருத்தமான பெயர்.

இம்முறையை நாடு முழுவதற்கும் பொதுவாக்கியது ஜெர்மனி. மியூனிக் நகரின் பள்ளிகளுக்குத் தலைமை வகித்த கெர்ஷன்ஸ்டைனர் என்னும் கல்வியாளர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வேலைக்குச் சென்றுவிட்ட இளைஞருக்காகத் தொழில்வாரியாகப் பள்ளிகளை அமைத்தார். இன்று அந்நாட்டில் பயிலுநர் வாரத்தில் ஓரிரு நாள் பள்ளியிலும், எஞ்சிய நாட்கள் தொழிலகத்திலும் கற்கிறார். இதற்கான சட்டம் 1969-இல் இயற்றப்பெற்றது. அதில் நான் பெரிதும் மதிப்பது தேர்வு முறையை. தேர்வுக் குழுவில் முதலாளிகளின் பிரதிநிதிகள், தொழிலாளரின் பிரதிநிதிகள், ஆசிரியர் ஆகிய மூவகையினரும் அமர்கின்றனர். வேலை கொடுத்தவர் தாமே 'இவன் கற்றுவிட்டான்' என்று சான்று கொடுத்துவிட முடியாது.

இது ஏன் இன்றியமையாதது என்பதற்கு நம் கொங்கு மண்டலமே சான்று. 'சுமங்கலித் திட்டம்' என்ற மங்கலமான பெயரில் நூற்பாலைகள் பல, ஏழைக் குடும்பத்துப் பெண்பிள்ளைகளை மூன்றாண்டுக்குச் சேர்த்துக்கொண்டன. ஆலை விடுதியிலேயே தங்க வேண்டும்; தவணை முடிவில் திருமணச் செலவுக்கு ஒரு தொகை கிடைக்கும். ஏட்டில் அவர்கள் பயிலுநர்; உண்மையில் இரவும் பகலும் பொறி ஓட்டியவர்கள். விடுதிவிட்டு வெளியே செல்லவும் கட்டுப்பாடு. உடல் நலிந்து இடையில் நின்றவர் அத்தொகையை இழந்ததும் உண்டு. 2000-க்குப் பின் வெளிவந்த பல ஆய்வுகள் இவற்றைப் பதிவு செய்துள்ளன. எல்லா ஆலைகளும் இப்படி நடந்தன என்று நான் கூறவில்லை. ஆனால் சில மாதங்களில் பழகிவிடக்கூடிய ஒரு வேலைக்கு மூன்றாண்டுப் பயிற்சி எதற்கு என்று கேட்க, அங்கே ஓர் ஆசிரியர் இல்லை.

1961-ஆம் ஆண்டின் பயிலுநர் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. முப்பது பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்கள், தம் ஆட்தொகையில் நூற்றுக்கு இரண்டரை முதல் பதினைந்து வரை பயிலுநரைச் சேர்க்க வேண்டும் என்பது இப்போதைய விதி. அச்சட்டப்படி பயிலுநர் கற்பவரேயன்றித் தொழிலாளி அல்லர். இந்தச் சொல் இருபுறமும் கூருள்ள கத்தி. கற்பவர் என்பதால் அவரை மிகைநேரம் வேலை வாங்கக் கட்டுப்பாடு உண்டு. தொழிலாளி அல்லர் என்பதால் தொழிலாளிக்குரிய கூலி அவருக்கு இல்லை. கற்பித்தல் உண்மையாக நடந்தால் இது நியாயமே. நடக்காவிட்டால், பயிற்சி என்பது குறைந்த கூலிக்கு இட்ட மறுபெயராகிவிடும்.

தமிழ்நாட்டில் 1978-இல் மேல்நிலைக் கல்வி வந்தபோதே தொழிற்பிரிவும் உடன் வந்தது. 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் கல்லூரி மாணவரைத் தொழில் நிறுவனங்களோடு இணைக்கிறது. வாய்ப்புகள் பெருகியிருக்கின்றன, ஆகவே ஆராய்ந்து சேர்வதும் அவசியமாகிறது. நாளை ஒரு பனியன் கம்பெனியில் பயிலுநராகச் சேர உங்களுள் ஒருவரை அழைத்தால், உதவித்தொகையைக் கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். எத்தனை மாதம், எந்தெந்தப் பகுதியில் பயிற்சி? ஓவர்லாக்கிலேயே ஓராண்டு முழுதும் அமர்த்துவார்களா, கட்டிங்கும் செக்கிங்கும் காட்டுவார்களா? வாரத்தில் எவ்வளவு நேரம் பாடம்? முடிவில் தேர்வு நடத்துபவர் யார்? அந்தச் சான்றை அடுத்த தெருக் கம்பெனியும் ஏற்குமா? இவற்றுக்கு விடை சொல்லத் தயங்கும் இடத்தில் சேர்வதற்கு முன் உங்கள் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சட்டப்படி பயிலுநர் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். பதினெட்டு வயது நிறையாதவருக்காகப் பெற்றோரோ பாதுகாவலரோ அதில் கையெழுத்திடுவர். அவருக்கு வாசிக்கத் தெரியாவிட்டால், தாள் முழுவதையும் நீங்களே அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.