வரிசையை உற்பத்தி செய்யும் சேவை

2025 டிசம்பர் 31 நெருங்க நெருங்க, வாசகர் கடிதங்களில் ஆதார்–பான் இணைப்புப் பேச்சாகவே இருந்தது. ஆதார் எண் கைக்கு வருமுன், பதிவுச் சீட்டு எண்ணைக் காட்டி பான் வாங்கியவர்களுக்கான கெடு அது. மற்றவர்களுக்கு 2023 ஜூன் 30-உடன் முடிந்துவிட்டது. அவர்கள் ஆயிரம் ரூபாய் கட்டித்தான் இணைக்க வேண்டும். இணைக்கும் வழியை பிரவுசிங் சென்டரில் சொல்லிவிடுவார்கள். ‘பெயர் பொருந்தவில்லை’ என்று ஏன் வருகிறது என்பதுதான் கேள்வி.

பான் விண்ணப்பத்தில் முதல் பெயரிலும் குடும்பப் பெயரிலும் இனிஷியல் கூடாது. நமக்குக் குடும்பப் பெயர் ஏது? அப்பா பெயரை விரித்து அந்தக் கட்டத்தில் போடுகிறோம். ஆதாரிலோ ‘எம். செல்வி’ என்றே இருக்கும். செல்வி முருகன் வருமான வரித் துறைக்குச் சரி, எம். செல்வி ஆதார் ஆணையத்துக்குச் சரி. ஒப்பிட்டுப் பார்க்கும் கணினிக்கு மட்டும் இவர்கள் இரண்டு பேர்.

சேவைத் துறைகளை ஆராய்ந்த பிரிட்டன்காரர் ஜான் செடன், கவுன்ட்டருக்கு வருபவர்களை இரண்டாகப் பிரிக்கிறார். தேவைக்காக வருபவர்கள் ஒரு வகை. முதல் தடவை வேலை சரியாக முடியாததால் திரும்பி வருபவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாவது கூட்டத்தைச் சேவை அமைப்பே உண்டாக்குகிறது என்பது அவர் வாதம். டோக்கன் கொடுத்தாலும் கவுன்ட்டரைக் கூட்டினாலும் வரிசை வேகமாக நகரும்; அவ்வளவுதான். அலுவலகம் அலுவலகமாகச் சீர்செய்யாமல், ஆள் அலையும் பாதை முழுவதையும் பார்க்கச் சொல்கிறார்.

உறுத்துவது இங்கேதான். செல்வி ஆதாரில் பெயரைத் திருத்தினால் அங்கே ஒரு சேவை கணக்கில் ஏறும். பானைத் திருத்தினால் இங்கே ஒன்று. இணைத்தால் மூன்றாவது. ஒரே கோளாறு மூன்று சாதனைகளாகப் பதிவாகிறது. போதாக்குறைக்குத் தாமதக் கட்டணம் வேறு: 2023 ஜூலை முதல் 2024 ஜனவரி வரை வசூலானது 601.97 கோடி ரூபாய் என்று மக்களவையில் அரசே சொன்னது. ஒருவரே பல பான் வைத்திருப்பதைத் தடுக்கத்தான் இணைப்பு என்பது அரசு விளக்கம். அப்போது இணையாமல் நின்ற 11.48 கோடி பான்களும் அப்படிப்பட்டவையா?

வாடிக்கையாளரும் சேர்ந்துதான் சேவையின் பயனை உருவாக்குகிறார் என்று 2004-இல் எழுதினார்கள் சந்தைப்படுத்தல் அறிஞர்கள் வார்கோவும் லஷ்ஷும். இங்கே செல்வி ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து செய்வது, இரு துறைகளும் தமக்குள் பேசி முடித்திருக்க வேண்டிய வேலை.

இனி வாசகர் கேள்விகள். எதைத் திருத்துவது? ஆதாரில் பெயரை ஆயுளுக்கு இரண்டு முறைதான் மாற்றலாம்; மற்ற ஆவணங்களோடு ஒத்துப்போகும் அட்டையில் கைவைக்காதீர்கள்.

கைபேசி எண் மாறிவிட்டதா? ஆதார் அனுப்பும் ஓடிபி, ஆதாரில் உள்ள எண்ணுக்குத்தான் வரும்; அதையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

எண்பது வயதைத் தாண்டியவர்கள்? இணைப்பிலிருந்து விலக்கு உண்டு.

தவறவிட்டால்? பான் செயலிழக்கும், ரீஃபண்ட் நிற்கும், டிடிஎஸ் கூடுதல் விகிதத்தில் பிடிக்கப்படும்.

பணம் கட்டும் முன் இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் வைத்து, பெயர், பிறந்த தேதி இரண்டையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.