சிறிய அட்டிலும் அளவறிந்த வாழ்வும்

தமிழில் உணவு சமைக்கும் இடத்துக்குப் பெயர்கள் பல. சங்க நூல்கள் அதனை அட்டில் என்னும். அடுதல் நிகழும் இல் ஆதலின் அப்பெயர் பெற்றது. ஊர் வழக்கில் அஃது அடுக்களை. யாழ்ப்பாணத்தார் நாவில் வழங்கும் குசினி என்னும் சொல்லோ போர்த்துக்கேயர் தந்தது. 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய அவர்கள் 1658 இல் அதனை ஒல்லாந்தரிடம் இழந்து அகன்றனர். அவர்தம் சொல் மாத்திரம் நம் அடுப்படியை விட்டு அகலவில்லை. பெயர் எதுவாயினும் ஆகுக. ஒரு குடும்பத்தின் வரவும் செலவும் மானமும் நாள்தோறும் நிறுக்கப்படும் இடம் அதுவேயாகும்.

சிறிய அடுக்களையில், சிறிய வருவாயைக் கொண்டு, நிறைவான உணவு ஆக்குதல் எங்ஙனம் என்னும் வினா இன்று பல இல்லங்களில் எழுகின்றது. இதனைப் பெண்டிர்க்குரிய சில்லறை விடயம் என்று கற்றோர் ஒதுக்குதல் பொருந்தாது. வள்ளுவர் அவ்வாறு ஒதுக்கினாரல்லர். வாழ்க்கைத் துணைநலம் கூறப் புகுந்தவர், முதற் குறளிலேயே வருவாய்க்குத் தக வாழும் திறத்தை வேண்டுகின்றார். வரவு சிறிதாயினும் செலவு விரியாதாயின் கேடில்லை என்னும் கருத்தை அவர் வைத்த இடம் இன்னும் வியப்பைத் தருவது. அஃது இல்லறவியலில் இல்லை. பொருட்பாலில், வலியறிதல் என்னும் அதிகாரத்தில் இருக்கின்றது. வேந்தன் தன் வலியையும் மாற்றான் வலியையும் சீர்தூக்கும் இடத்தில், குடும்பத் தலைவியும் தலைவனும் நாள்தோறும் எண்ணும் கணக்கு நிற்கின்றது. அளவறிதலை வள்ளுவர் வலிமையின் ஒரு கூறாகவே கொண்டார் என்பது இதனாற் பெறப்படும்.

பனை கற்பித்த பாடம்

திருக்குறளைப் பரப்புதற்கு உழைத்த பண்டிதர் கா. பொ. இரத்தினம் பிறந்த வேலணையில், அக்குறளின் பொருளை ஏட்டைத் தொடாத கைகளும் அறிந்திருந்தன. தீவகத்தில் ஆறில்லை. வடகீழ்ப் பருவமழையை நம்பி ஆண்டுக்கு ஒரு போகமே நெல் விளையும். நன்னீர்க் கிணறு எல்லா வளவிலும் வாய்ப்பதில்லை. இத்தகைய நிலத்தில் கடலையும் பனையையும் துணையாகக் கொண்டே அடுப்பு எரிந்தது.

பனை தருவது ஒரு பருவத்து உணவு மாத்திரமன்று. பழம் விழுங் காலத்தில் அதன் களியைப் பிழிந்து, பாயிற் படர்த்தி, வெயிலில் உலர்த்திப் பனாட்டு ஆக்குவர். எஞ்சிய விதையைப் பாத்தியிலிடுவர். மாரி கழியக் கிழங்கு கிண்டுவர். பச்சையாகப் பிளந்து உலர்த்தியது ஒடியல். அவித்து உலர்த்தியது புழுக்கொடியல். கிழங்கு நீங்கிய விதையைப் பிளந்தாற் சிறுவர்க்குப் பூரான் கிடைக்கும்; கோதாகிய ஊமல் அடுப்புக்குப் போகும். காவோலையும் மட்டையும் பன்னாடையும் விறகாகும். மலிந்த காலத்திற் பதனிட்டு, அரிய காலத்துக்கு வைத்தலே இவ்வேற்பாட்டின் உயிர். கையிற் பணம் உள்ள நாளிற் கடைக்குப் போய் வாங்குவது சிக்கனமாகாது. பொருள் மலிந்த நாளில் வாங்கிப் பேணுவதே சிக்கனம் என்பதை அம்மரம் கற்பித்தது.

ஒடியற் கூழை ஆராய்ந்தால் இவ்வுண்மை மேலும் விளங்கும். ஒடியல் மாவை முன்னரே நீரில் ஊறவைத்து, மேல்நீரை வடித்தாற் கசப்பு நீங்கும். விலை குறைந்த மீன்தலை, நண்டு, சிற்றிறால் என்பனவும், வளவிற் கிடைக்கும் பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளித் துண்டு, முருங்கையிலை என்பனவும், ஒரு பிடி அரிசியும் ஒரே பானையில் வேகும். பழப்புளியும் அரைத்த செத்தல் மிளகாயும் கூடக் கூழ் பதம் பெறும். தனித்தனியே ஒரு கறிக்கும் போதாத பொருள்கள் ஒருங்கு சேர்ந்து பத்துப் பேரின் பசியை ஆற்றுகின்றன. அடுப்பு ஒன்று, தீ ஒன்று. பனையோலையிற் கோலிய பிளாவில் வார்த்துப் பருகினாற் பாத்திரம் கழுவும் நீரும் மிச்சம். ஆடிக்கூழின் இனிமையைச் சிறுவர்க்குப் பாடிய நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் பனையின் சிறப்பைத் தாலவிலாசம் எனத் தனி நூலாகவும் செய்தமை இந்நாட்டு வாழ்வறிந்த புலமையேயாம்.

இடம் சிறிதாயின் அதற்கும் வழி கண்டிருந்தனர். பண்டம் நிலத்தை அடைக்காது உறியில் ஏறியது. அடுப்பின் மேற் பரணில் விறகும் விதையும் புகைபட்டு உலர்ந்தன. கொடியடுப்பு ஒரு தீயை இரு சட்டிகளுக்குப் பகிர்ந்தது. பாதித் தேங்காயின் பிற்பாலிற் காய் வெந்தது. முதற்பால் இறக்குமுன் சேர்ந்தது. சக்கை கோழிக்கும், சிரட்டை அகப்பைக்கும் ஆயின. அரிசி கழுவிய நீரை மாடு குடித்தது. இரவு மிஞ்சிய சோறு நீரில் ஊறிக் காலையிற் பழஞ்சோறாயிற்று.

நெருக்கடி வந்த நாள்கள்

இவை பழங்கதை என்று எண்ணுவோர் அண்மைக் கால வரலாற்றை நினைக்கக் கடவர். 1990களின் முற்பகுதியில், மண்ணெண்ணெய் முதலிய பொருள்கள் குடாநாட்டுக்குச் செல்லுதல் தடைப்பட்டிருந்தபோது, சாம் போத்தலிற் சிறிது எண்ணெயும் பஞ்சும் இட்டு ஏற்றிய விளக்கில் மாணவர் படித்தனர். தீவகத்திலிருந்து இடம்பெயர்ந்தோர் பலரும் அவ்வொளியிற் சமைத்தனர். பின்னர் 2022 இல் நாடு முழுவதும் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றது. அவ்வாண்டு செப்தெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி, உணவுப் பொருள்களின் விலை முந்திய ஆண்டினும் நூற்றுக்கு 94.9 வீதம் உயர்ந்திருந்தது. மாடி வீடுகளில் விறகு மூட்ட இடமின்றித் திகைத்தோர் இருந்தனர். முற்றத்தில் மூன்று கல்லும் வேலியில் முருங்கையும் உடையோர் ஓரளவு தாங்கினர்.

கடைசியாக உண்பவர் யார்?

இத்துணைச் சிறப்பையும் கூறியபின் ஒன்றைக் கூறாது விடுதல் நேர்மையாகாது. நம் சிக்கனத்திற் பெரும் பகுதி, கணக்கில் எழுதப்படாத ஒருத்தியின் வயிற்றிலிருந்து எடுக்கப்பட்டது. எல்லார்க்கும் பரிமாறியபின், சட்டியில் எஞ்சியதை வழித்து உண்டு, எஞ்சாத நாளில் தேநீரோடு அமைந்தவள் தாய். மீன் பிள்ளைகளுக்கு; குழம்பின் மண்டி அவளுக்கு. இதனைத் தியாகம் எனப் புகழ்ந்து நாம் நிறைவடைந்தோம்.

சிறுபாணாற்றுப்படை வேறொரு காட்சியைக் காட்டுகின்றது. நல்லூர் நத்தத்தனார் வறுமையின் எல்லையை அட்டிலிலேயே வைத்துத் தீட்டினார். கண் திறவாத குட்டிகளை ஈன்ற நாய் அங்கே கிடக்கின்றது, சுவரைக் கறையான் அரித்திருக்கின்றது, காளான் பூத்திருக்கின்றது. பசியால் மெலிந்த பெண் குப்பையில் முளைத்த கீரையை நகத்தாற் கிள்ளி உப்பின்றி வேகவைக்கின்றாள். பிறர் காண நாணிக் கதவை அடைக்கின்றாள். அதன்பின் அவள் செய்ததே நாம் ஊன்றி நோக்கத் தக்கது. தன் சுற்றத்தோடு ஒன்றாக இருந்து உண்கின்றாள். உப்பில்லாக் கீரையிலும் அவள் பங்கு அவளுக்கு உண்டு. மற்றையோர் உண்டு முடியும்வரை அவள் காத்திருந்தாள் என்று புலவர் கூறவில்லை. வறுமை மிக்க அவ்வட்டிலிற் பகிர்வு நேராக நடந்தது.

ஆதலின் சிக்கனத்துக்கும் உலோபத்துக்கும் இடையே உரைகல் ஒன்று உண்டு. பொருள் வீணாகாது காத்தல் சிக்கனம். ஒருவர் பசியைக் கணக்கில் எடாது மிச்சம் பிடித்தல் உலோபம். அதனை அன்பின் பெயராற் செய்யினும் உலோபமே. வருவாய்க்குத் தக வாழ்தலை வள்ளுவர் அக்கால இல்லற முறைப்படி பெண்ணை நோக்கிக் கூறினார். இருவரும் உழைக்கும் இக்காலத்தில் அவ்வளவறிவு இருவர்க்கும் உரியது; அகப்பையும் இருவர் கைக்கும் உரியது.

ஆசிரியர்கள் மாணவர்க்கு இதனை ஒரு பயிற்சியாக அளிக்கலாம். ஒரு கிழமைக்கு வீட்டில் வாங்கிய பொருளையும், வீணான பொருளையும், எரித்த விறகையும் எழுதி வரட்டும். ஒவ்வொரு வேளையும் யார் எப்போது, எதை உண்டனர் என்பதையும் எழுதட்டும். கணக்கை முடித்த மாணவன் மறுநாள் தாயையும் உடன் இருத்தி உண்பானாயின், வலியறிதல் என்னும் அதிகாரத்தை அவன் கற்றுவிட்டான் என்று கொள்ளலாம்.