கண்ணாடியிற் படாத வண்டி

மோட்டார் வண்டிச் சாரதிக்கு மூன்று கண்ணாடிகள் உள. எனினும் வண்டியின் பின்மூலைகளை ஒட்டி, அவற்றுள் எதனிலும் படாத ஓரிடம் எஞ்சுகிறது. மோட்டார் சைக்கிளொன்று முழுமையாக மறைந்துவிட அவ்விடம் போதும். வீதி வெறிதென எண்ணிச் சாரதி தடம் மாறுவானாயின், உயிராபத்து இரு சில்லில் வருபவனுக்கே.

இவ்விடத்தைக் காவல் செய்ய, 2000ஐ அடுத்த ஆண்டுகளிற் சுவீடனின் வோல்வோ நிறுவனம் பக்கக் கண்ணாடியின் கீழ்ச் சிறு கமராவைப் பொருத்தியது. மூடுபனியில் கமரா என் செய்யும்? பின்னர் ரேடார் வந்தது. பின்பம்பரின் இரு முனைகளிலும் அது வெளித்தெரியாது அமர்ந்திருக்கும். பம்பர் பிளாஸ்ரிக்கால் ஆனதாகையால் நுண்ணலைகள் அதனை ஊடுருவிச் செல்லும். பொருளிற் பட்டு அவை மீள எடுக்கும் காலம் தூரத்தைச் சொல்லும். அதிர்வெண்ணில் நேரும் மாற்றம் வேகத்தைச் சொல்லும். மதிலும் மைற்கல்லும் வண்டி ஓடும் வேகத்திலேயே பின்னோக்கி விலகுவன. ஆதலின் கணிப்பொறி அவற்றைத் தள்ளிவிடும். கூடவே வரும் வண்டியோ அவ்வாறு விலகுவதில்லை. அதன்பொருட்டே கண்ணாடியோரத்தில் விளக்கு எரியும். அவ்வேளை சாரதி திரும்பும் சைகையை இட்டால், பல வண்டிகளில் அவ்விளக்கு விட்டுவிட்டு மின்னும். சிலவற்றில் ஒலியும் எழும். சைகை இடாது திருப்பும் பழக்கமுடையோர்க்கு இவ்விரண்டாம் எச்சரிக்கை கிட்டாது.

பம்பரிற் சேறு அப்பினால் ரேடாரும் குருடே. அப்போது கருவி செயற்படவில்லை என்னும் அறிவிப்பு சாரதியின் முன்பலகையில் தோன்றும்.