ஒரே சுவிட்சில் பில் வேறு, கேமரா வேறு

பில் கணினி, கேமரா, வாடிக்கையாளர் வைஃபை எல்லாவற்றையும் ஒரே சுவிட்சில் மாட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். 2013இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில், குளிர்சாதன ஒப்பந்தக்காரரின் கடவுச்சொல்லைத் திருடி நுழைந்தவர்கள் பில் கவுண்டர்வரை சென்று, சுமார் 4 கோடி அட்டைகளின் விவரங்களை அள்ளிச் சென்றனர்.

தனித்தனி சுவிட்ச் வாங்க வேண்டியதில்லை. வி-லேன் முறையில் பிரிக்கலாம். 16 போர்ட் சுவிட்ச் என்றால் 1 முதல் 8 வரை பில்லுக்கு எண் 10, 9 முதல் 12 வரை கேமராவுக்கு 20, 13 முதல் 15 வரை வைஃபைக்கு 30. பதினாறாவது போர்ட் ரூட்டருக்கு. அதில் மூன்றும் செல்லும். ஒரு பிரிவிலிருந்து மற்றதற்குப் போக ரூட்டர் வழிவிட வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்: ரூட்டரில் தடை போடாவிட்டால் பிரித்தும் பயனில்லை. மலிவான சாதாரண சுவிட்சில் இவ்வசதி கிடையாது. 802.1கியூ உண்டா என்று கேட்டு வாங்கவும். ரூட்டருக்கும் அதே கேள்விதான்.