பல் யாரிடம்? நாடு அவரிடம்!

ஒரே ஒரு பல்லுக்காக ஓர் அரசர் கடல் கடந்து, எதிரியின் தலைநகருக்கே போனார் என்றால் நம்புவீர்களா குட்டீஸ்? 700 ஆண்டுகளுக்கு முன்பு இலங்கை அரசர் ஒருவர் அப்படித்தான் போனார்!

அது சாதாரணப் பல் அல்ல. புத்தருடைய பல் என்று பௌத்தர்கள் வணங்கும் புனிதச் சின்னம். கி.பி. 4ம் நூற்றாண்டில், கலிங்க நாட்டு இளவரசி ஹேமமாலா தன் கூந்தலில் மறைத்து அதை இலங்கைக்குக் கொண்டு வந்தாள் என்பது கதை.

நாளடைவில், "பல் யாரிடம் இருக்கிறதோ, அவரே நாட்டை ஆளத் தகுந்தவர்' என்ற நம்பிக்கை மக்களிடம் வேரூன்றியது. எனவே, தலைநகரை மாற்றும்போது அரசர்கள் பல்லையும் உடன் எடுத்துச் சென்று, புதிய கோவில் கட்டினர். பொலன்னறுவையில் இருந்த பல் கோவிலைக் காப்பதாக, வேளைக்காரர் என்ற படையினர் உறுதி கூறும் தமிழ்க் கல்வெட்டு இன்றும் அங்கே உள்ளது!

யாப்பகூவாவிலிருந்து ஆண்ட முதலாம் புவனேகபாகு, 1284ம் ஆண்டு வாக்கில் இறந்தார். நாட்டில் பஞ்சம் வந்தது. அந்த நேரம் பார்த்து, மதுரையை ஆண்ட குலசேகர பாண்டியனின் படை உள்ளே புகுந்தது. ஆரியச் சக்கரவர்த்தி என்பவர் அதன் தலைவர். செல்வங்களோடு பல்லும் மதுரைக்குப் போய்விட்டது.

அடுத்து வந்தவர் மூன்றாம் பராக்கிரமபாகு. பல் இல்லாமல் அரியணையில் அமர்ந்தால் மக்கள் மதிப்பார்களா? பலம் மிக்க பாண்டியனைப் போரில் வெல்லவும் முடியாது. சமாதானப் பேச்சுதான் ஒரே வழி! சில வீரர்களோடு மதுரைக்குப் போனார். தினமும் பாண்டியனிடம் இனிமையாகப் பேசி, அவன் மனதைக் கவர்ந்தார். பல் கைக்கு வந்தது! பொலன்னறுவைக்குக் கொண்டு வந்து கோவிலில் வைத்தார்.

இந்த நம்பிக்கை பல நூற்றாண்டுகள் நீடித்தது. 1815ல் கண்டியைக் கைப்பற்றிய ஆங்கிலேயருக்கு எதிராக, 1817ல் கிளர்ச்சி வெடித்தது. பல் கிளர்ச்சியாளர் வசம் போனது. 1818ல் ஆங்கிலேயர் அதை மீட்டபோது, "இனி நாடு இவர்களுடையதுதான்' என மக்கள் பேசிக் கொண்டனர்.

இலங்கையில் இப்போது அரசர்கள் இல்லை. பல் மட்டும் கண்டி தலதா மாளிகையில் பத்திரமாக இருக்கிறது!